முப்பத்தைந்து வாட்ஸ்

பூப்பாறை ஸ்டோரில் காய் காய்ந்து
மாதிரிப் பைகளைக் கட்டித் தர நாலாகிவிடும்.
போடி ஏலக்கூடத்தில் ஆறுக்குள் கொடுக்கணும்.
நடுவில் இருப்பது
பதினேழு கொண்டை ஊசி,
பதினொரு வருச வண்டி,
அதன் நெற்றியில் காமாலை பிடித்த ஒற்றைக் கண்.

ஹாரன் அடித்தால் மங்கும்.
பிரேக் பிடித்தால் செத்துப் பிழைக்கும்.
காட்டுமாட்டை நான் பார்த்ததே
அது மூச்சுவிட்ட சத்தம் கேட்ட பிறகு.

மைதீன்பிச்சையிடம் போனேன்.
வேணாம்டா, கேரளாக்காரன் பிடிப்பான் என்றான்.
போடு என்றேன்.
ஹேண்டில் பாருக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்கு
எல்.இ.டி. பட்டி.

பகலாகிவிட்டது.
பாறை இடுக்கில் வேர் தெரிந்தது, வேரில் எறும்பு தெரிந்தது.
குரங்குகள் விடிந்துவிட்டதென்று
கத்தத் தொடங்கிப் பாதியில் நிறுத்தின.
மூன்று இரவு
மலைக்கு நான் ராஜா.

மூன்றாம் இரவு போடிமெட்டுச் செக்போஸ்ட்டில்
கையால் முகத்தை மறைத்துக்கொண்டே வந்தார் ஆபீசர்.
"எந்தா சேட்டா, ஷூட்டிங் உண்டோ?"
சலானில் எனக்குப் புரிந்தது
என் வண்டி நம்பர் மட்டும்.
மடித்து சீட்டுக்கடியில் வைத்தேன்.
எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தபின்
நிறுத்தி வாய் நிறையத் திட்டினேன்,
பள்ளத்தாக்கைப் பார்த்து.

நாலாம் இரவு, பதினோராம் வளைவில், பனி.
என் வெளிச்சம் நாலடி போய் முட்டி
என் முகத்திலேயே திரும்பி விழுந்தது.
கஞ்சி போட்ட வேட்டியைக் கண்ணில் கட்டியது மாதிரி
எங்கும் வெள்ளை.
வெள்ளைக்குள் ஒரு ஜீப்பின் சத்தம்.
பிரேக். கிளட்ச் தீய்ந்த வாடை.
ஒரு கல் உருண்டு போனது.
அது கீழே விழுந்த சத்தம்
கேட்கவே இல்லை.

காய் பறிக்கப் போகும் பதினாலு பெண்கள்.
யாரும் கத்தவில்லை.
பின்னாலிருந்து ஒருத்தி இறங்கி நடந்து வந்து
பட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினாள்.
விரல்களுக்கு நடுவே ரத்தம் சிவப்பாய் எரிந்தது.
நகக்கண்ணில் ஏலக்காய்க் கறை.
"அணை" என்றாள்.
ஸ்விட்சைத் தேடினேன். புது ஸ்விட்ச், கைக்குப் பழகவில்லை.
"ஒச்சம்மா, ஏறுடி, முப்பது ரூவா பிடிச்சிருவான்"
என்றது ஜீப்பு.
ஏறிப் போய்விட்டாள்.

மைதீன்பிச்சை பட்டியைக் கழற்றிய கையோடு
டேங்கையும் தூக்கினான்.
பச்சை பூத்த ஒயர்.
பேட்டரியில் கிளம்புவது பன்னிரண்டு வோல்ட்,
பல்புக்கு வந்து சேர்வது ஒன்பது.
"மூணு தரகு போகுது" என்றான்.
ஏலக்கூடத்து ஆள் எனக்கா புரியாது.

புது ஒயர். ஒரு ரிலே.
ரசம் போன பிரதிபலிப்பானுக்குப் பதில் கம்பெனி சாமான்.
பல்பு அதே முப்பத்தைந்து வாட்ஸ்,
ஆர்சி புக்கும் அவனும் சண்டை போடாத அளவு.
எதிரே தையல் கடைச் சுவரில் சாக்பீஸ் கோடு இழுத்து
வெளிச்சத்தின் தலை
கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே குனியும்வரை
திருகிக்கொண்டே இருந்தான்.
தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு
அந்த மஞ்சளில் ஊசி கோத்தார்.

இப்போது தெரிவது
அடுத்த வளைவின் சுண்ணாம்புக் கல் வரைக்கும்.
அதற்கு அந்தப்பக்கம் காட்டுமாட்டுடையது.
ஜீப் ஏறி வந்தால்
கட்டைவிரல் தானாய்ப் போய் டிம் அடிக்கிறது.
அவனும் அடிக்கிறான்.
கடக்கும்போது இரண்டு வண்டிக்கும் நடுவே
கொஞ்சம் இருட்டு,
அதில் யாரோ இருமுவது கேட்கிறது.

பட்டி இப்போது ஸ்டோரில்,
தராசுக்கு மேலே தொங்குகிறது.
முதலாளிக்கு அதுவும் பிடிக்கவில்லை,
முள் நன்றாகத் தெரிகிறதாம்.

சலான் இன்னும் சீட்டுக்கடியில்.
ஞாயிற்றுக்கிழமை கட்டணும்.