கைகழுவுதல்

வேஸ்கோவின் இரண்டு விரல்களை
சோப்புத்தூள் அடைக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது,
மார்ச் மாதம், இரவு ஷிப்டில்.
பாதுகாப்புத் தகட்டைக் கழற்றியவன் அவனேதான் என்று
ஒரு பக்கக் கடிதத்தில்
கல்டோரா நிறுவனம் என் தம்பியைக் கைகழுவியது.

அன்று மாலையே நானும் அவர்களைக் கைகழுவினேன்.
கறுப்புப் பை ஒன்றை விரித்து
காப்பித்தூள், பற்பசை, பூனைக்கான மீன்பிஸ்கட்
எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு
நாலு மாடி இறங்கி எறிந்தேன்.
டான்யூபிலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது.
ஜெயித்தவள் மாதிரி மேலே ஏறிவந்து
குழாயைத் திறந்து
கை கழுவினேன்.
சோப்பைத் திருப்பினால், அடியில்
பட்டாணி அளவில் ஒரு பச்சை இலை.

அவர்களுடைய இலை.

பிறகு கடைக்குப் போவது பரீட்சைக்குப் போவதானது.
பூதக்கண்ணாடியோடு நான் நிற்க
பின்னால் வரிசை முனகும்.
"போட்டிக்காரன் காப்பி கொடு பென்கா."
இரண்டு டப்பாக்களை வைத்தாள், சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று.
தொலைக்காட்சியில் ஒன்றையொன்று திட்டிக்கொள்பவை.
இரண்டின் முதுகிலும் அதே இலை.
தயிராவது நம்முடையது என்றிருந்தேன்.
மூடியில் முக்காடு போட்ட மலைநாட்டுக்காரி சிரிப்பாளே,
அவளையும் மூன்று வருஷம் முன்பே வாங்கிவிட்டார்களாம்.
முக்காட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

நூலகத்தின் பின்னறையில் ஏழு பேர் கூடினோம்.
துண்டறிக்கைக்குத் தாள் யாருடையது என்று கேட்ட
ரசாயன வாத்தியார் திராகோமிரை
எல்லோரும் முறைத்தோம்.
ஸ்லாவ்கா எழுந்தாள்:
"என் வீட்டுக்காரர் அங்கேதான் மூட்டை தூக்குகிறார்.
நான் உங்களோடுதான்.
பெயரை மட்டும் எழுதாதீர்கள்."
யாரும் எழுதவில்லை.
அடுத்த வாரம் ஐந்து பேர். அதற்கடுத்த வாரம்
நானும் வாத்தியாரும், அவருடைய இருமலும்.

ஏப்ரலில் ஓய்வூதிய நிதியின் கணக்கு வந்தது.
பதினான்காம் பக்கத்தில், பொடி எழுத்தில்,
என் பணம் எங்கெல்லாம் வேலை செய்கிறதென்ற பட்டியல்.
நான்காவது வரி கல்டோரா.
ஆக, தம்பியின் விரல்களில்
எனக்கும் ஒரு சிறு பங்கு.

ஒன்றை அவனிடம் சொல்லவில்லை.
ஒரு ராத்திரி, இல்லாத விரல்கள் எரிகின்றன என்று
சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான்.
மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டையில்
இலை இருந்தது.
கொடுப்பதா வேண்டாமா என்று
நடைவழி இருட்டில் நின்றேன்.
அரை நிமிடம் இருக்கும்.
அந்த அரை நிமிடத்தை
எந்தப் பையில் கட்டி எங்கே எறிவது?

மே மாதம் அவனே கோப்பையைத் தள்ளிவைத்தான்.
"அக்கா, இந்த சிக்கரி மண்ணைக் கரைத்த மாதிரி இருக்கிறது.
விரலைத் தின்றது காப்பி இல்லையே."
சிரித்தான்.
மார்ச்சுக்குப் பிறகு முதல் சிரிப்பு, அதனால்
சிவப்பு டப்பாவே வாங்கினேன்.

கடுகு விழுதை மட்டும் இன்றுவரை தொடவில்லை.
கல்டோராவுக்கு என்னால் மாதம் ஒன்றரை லேவா நஷ்டம்.
யாரோ ஒரு கணக்கர் ராத்தூக்கம் கெட்டுத் தவிப்பதாக
சில நாள் நினைத்துக்கொள்வேன்.

நேற்று பத்து மணிக்கு மேல் கதவு தட்டும் சத்தம்.
ஸ்லாவ்காவின் கணவர். சட்டையெல்லாம் எலுமிச்சை சோப்புத்தூள் வாசனை.
உட்கார்ந்து, காப்பியைப் பாதி குடித்து, வேஸ்கோவைப் பார்க்காமல் சொன்னார்:
"அந்தத் தகடு ஜனவரியிலிருந்தே இல்லை."
கோர்ட்டில் சொல்வீர்களா என்று நான் கேட்கவில்லை.
மீதிக் காப்பியையும் குடித்துவிட்டு
படியில் ஓசைப்படாமல் இறங்கிப் போனார்.

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
எந்த சோப்பு என்று
கேட்காதீர்கள்.