மேற்கு இல்லாத தீவு

பணகுடியில் காற்றாலை பார்க்கிறவனுக்கு
திசை சொல்ல ஆள் வேண்டாம்.
ஆடியில் கொடியில் கிடக்கும் கைலி
எந்தப் பக்கம் பறக்கிறதோ அது கிழக்கு.

அதே நம்பிக்கையில்
செல்லுக்குள்ளிருந்த தீவிலும்
புல் சாய்ந்த பக்கமே நடந்தேன்.
ரெண்டு இளநீர், பாதி வெந்த நண்டு.
உயிர்க்கோடு சிவந்துவிட்டது.
மூணாம் ராத்திரி தூரத்தில் தீ.
ஆள் இருக்கு என்று ஓடினால்
நான் மூட்டிய தீ.

‘லே, அங்க காத்துக்கு ஏது திசை,
சும்மா புல்லை ஆட்டிவிட்டிருக்கான்’
போர்வைக்குள்ளிருந்து தவசிக்கனி.

ஜன்னலைத் திறந்தேன்.
மலையடிவரை சிவப்பு விளக்குகள்;
அத்தனை ஆலையும்
கணவாயைப் பார்த்தபடி.

திரும்ப வந்து
கரையோரம் கல் அடுக்க ஆரம்பித்தேன்.
முதல் கல்லுக்கு
மேற்கு என்று பேர்.