அரைப் புள்ளி

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றே காலுக்குத் தோற்றேன்.
ராணி என் பக்கம். அவனிடம்
ஒரு ராஜா, மூன்று சிப்பாய்.
இன்னும் இரண்டே நகர்த்தல்.
திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.
சுற்றி ஓய்ந்தபோது
என் கடிகாரத்தில் சைபர்.
எங்கேயோ பனியில் இருக்கிற பெலாரஸ்காரன்
கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பியிருந்தான்.

திங்கட்கிழமை சவரிராஜ் வந்தான்,
தோளில் பை, கையில் வழவழப்பான அட்டை.
முப்பது, நூறு, முந்நூறு.
"முந்நூறு போட்டுக்குங்க ஆச்சி,
பதினாலு ஓடிடி சேந்தே வரும்."
"குதிரை போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்?" என்றேன்.
விழித்தான்.
ரோடு எத்தனை அகலமானால் எனக்கென்னப்பா,
அதில் போகப்போவது ஒரே ஒரு குதிரை.
போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்.
அட்டையை இரண்டு பக்கமும் திருப்பினான். அச்சாகவில்லை.
யாருக்கோ போன் போட்டு, வாசல்வரை நடந்து, திரும்பி வந்து
"முப்பதுக்கும் முந்நூறுக்கும் அது ஒண்ணுதானாம்" என்றான்,
அவனே கண்டுபிடிக்கப்பட்டவன் போல.
சரி. முப்பது.

அப்புறம்தான் சுவர் குறுக்கே வந்தது.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குழைத்த
இரண்டடிச் சுவர்.
மாடியிலிருந்து கோட்டையூர் டவர் நேரே தெரிகிறது,
அங்கே நாலு புள்ளி.
வளவில் மூன்று.
இரண்டாங்கட்டில், என் பங்குக்கு வந்த அறையில்,
போனைத் தலைக்குமேல் தூக்கி
ஒரு காலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அரைப் புள்ளிதான் ஆச்சி."

பாவம், அவனுக்கென்ன தெரியும்.
கோயில் வரி நோட்டில்
கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
அவர் போன மறுவருஷம்
உமையாள் என்ற பெயருக்கு நேரே அரை என்று போட்டு
பாதி வரி வாங்கிக்கொண்டு போனார்கள்.
நான் சிரித்த சிரிப்பில்
பையன் ஏணியைவிட்டு இறங்கிவிட்டான்.

பெட்டியை என் அறையில் வைக்க, வயர் வரவேண்டும்.
வயர் வர, பொதுச்சுவரில் ஓட்டை வேண்டும்.
பொதுச்சுவருக்குப் பதினொரு பங்காளி.
மாடிக்கு ஏறி, நாலு புள்ளியில் நின்று,
வாட்ஸாப்பில் கேட்டேன்.
சிங்கப்பூர், கட்டை விரல்.
கோயம்புத்தூர், ரோஜாப்பூவோடு காலை வணக்கம்.
படைப்புக்கு வரும்போது பாஸ்வேர்டு கிடைக்குமா
என்று ஒரு கொழுந்தன்.
நாலு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டாத முத்துக்கருப்பன் மட்டும்
பாரம்பரியம் பற்றி நீளமாக எழுதினார்.
அதைப் படித்து முடிப்பதற்குள்
கீழே டிரில் சத்தம்.
நான்தான் சொல்லிவிட்டு ஏறியிருந்தேன்.
வரிதான் பாதி,
ஓட்டை முழுசு.

கடைசியாகப் பணம்.
வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசமாம்.
கூட்டுறவு வங்கிக் கடன் பிரிவில்
இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவளிடம்
இலவசம் என்கிறான்.
முன்பணம் என்பது நான் உன் கம்பெனிக்குத் தரும் கடனப்பா.
அட்டையின் பின்பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன்:
வருஷ வட்டி பதினைந்துக்கு மேலே நிற்கிறது.
மோசமில்லை.
ஆனால் வாங்குகிறவன் நிற்பானா என்று பார்க்கிற மாதிரி
கொடுக்கிறவள் நிற்பாளா என்றும் பார்க்கணும்.
எழுபத்து மூன்று.
"நடுவில் நான் செத்தால் மீதி?"
ஆப்பில் மேலும் கீழும் தள்ளித் தேடினான்.
"நாமினின்னு ஒரு கட்டமே இல்ல ஆச்சி."
எல்ஐசிகூட இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை.
பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டினேன்.
வட்டி வட்டிதானே.

வியாழன் ராத்திரி அதே பெலாரஸ்காரன்.
வட்டம் சுற்றவில்லை.
கடிகாரத்தில் இன்னும் நாற்பது விநாடி.
யானையைப் பார்த்துக்கொண்டே
குதிரையை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தேன்.
உடனே போய்ச் சேர்ந்தது.