கூரையில் ஒரு துளை

ஓட்டை விழுந்த தோல் மூன்றாம் தரம்.
பதினொரு வருடமாய் ராணிப்பேட்டையில்
மேசைமேல் விரித்து, விளக்கைச் சாய்த்து,
இதைத்தான் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

இன்று சத்துவாச்சாரியில்
என் காரின் கூரையில் நானே
பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

காந்த அடியோடு ஒன்று முதலில் வாங்கினேன்.
ரத்தினகிரி தாண்டுகையில்
லாரி ஒன்று உரசினாற்போல் போன காற்றில்
சரிந்து, கேபிளில் தொங்கி,
சிப்காட் வரைக்கும் கதவைத் தட்டிக்கொண்டே வந்தது.
அடுத்தது டிக்கி விளிம்பைக் கவ்வுகிற வகை.
முன்னால் இருப்பவரிடம் வாய் ஓயாது,
கடந்து வந்தவரை மறந்துவிடும்.

நடுக்கூரைதான் என்று முடிவானது.
ஏரியல் என்று நீங்கள் பார்க்கும் கம்பி
பாதி ஏரியல்தான்.
அதைச் சுற்றிப் பரந்த தகரம் மீதிப் பாதி.
இதை வீட்டில் சொன்னேன்.
"விற்கும்போது விலை இறங்குமே"
என்றார், மோரில் உப்புப் போட்டபடி.

டிங்கரிங் ஜமீல்
வட்ட ரம்பத்தை மாட்டினார். கழற்றினார்.
டீ சொன்னார்.
"ஓட்டையை அடைக்கத்தான் மேடம் என்கிட்ட வருவாங்க.
மழை வந்தா?"
ரப்பர் வளையம் இருக்கிறது என்றேன்.
என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

முக்கால் அங்குலம். எட்டு நொடி.
எட்டணா அளவில் ஒரு தகரவட்டம்
சூடாக என் உள்ளங்கையில் விழுந்தது.
ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட்,
மறுபக்கம் யாரும் பார்த்திராத சாம்பல்.

உள்ளே பெயின்ட்டைச் சுரண்டி,
கேபிளைக் கண்ணாடித் தூணுக்குள் இறக்கி,
கால்மிதியடியில் நடத்தி, செட்டில் மாட்டினேன்.
கணக்கு நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் சொன்னது.
கூடுதலாகவே விட்டேன்.
வெட்டியதை ஒட்ட முடியாது.
தோலின் கனம் அளக்கும் கருவியால் அளந்து
இரண்டு மில்லி, மீட்டரைப் பார்.
இன்னும் இரண்டு, பார்.
முள் ஒன்று புள்ளி இரண்டில் படுத்ததும்
கட்டிங் பிளேயரை ஜமீலிடமே கொடுத்து
என் கைக்கெட்டாமல் வைக்கச் சொன்னேன்.

பாலாற்றுப் பாலம் தாண்டி ஓரம் கட்டினேன்.
கீழே மணல், கருவேலம், ஒரு கிரிக்கெட் ஆட்டம்.
அழைத்தேன்.
சீற்றம்.
மறுபடி அழைத்தேன்.
சீற்றத்துக்குள்ளிருந்து
தொண்டையைச் செருமிக்கொண்டு ஒருவர்:
ஏலகிரியிலிருந்து, பெயர் எபிநேசர்,
"தெளிவா வர்றீங்கம்மா. அஞ்சுக்கு ஒன்பது.
இங்க இப்பதான் கல்மழை.
சத்தம் கேக்குதா?" என்று
மைக்கைத் தன் தகரக் கூரைப் பக்கம் நீட்டினார்.

கேட்டது.
நூறு பேர் ஒரே நேரத்தில்
அரிசி புடைப்பது மாதிரி.

அந்த மழை ஒன்பது மணிக்கு இங்கே வந்தது.
விளக்கைப் போடாமல் காருக்குள் உட்கார்ந்து
கையைத் தூக்கிக் கூரைத்துணியைத் தடவினேன்.
காய்ந்திருந்தது. மறுபடி தடவினேன்.
போன் அடித்தது. ஜமீல்.
"ஒழுகுதா மேடம்?"