இருபத்து மூன்றாவது அட்டை

ஜூரோங்கில் குழாய் இறக்கும்போது
இரண்டு விளிம்புக்கு நடுவே போன மோதிர விரலை
ஐஸ் பெட்டியில் லோரியில் கொண்டுவந்தவன் பரிதி.

தைத்து முடித்த டாக்டர் லியூ சொன்னதை
பக்கத்துக் கட்டில் பஸ் டிரைவர் குமரகுரு
தமிழாக்கினார்:
"ரத்தம் போற வழி கெடச்சுது.
திரும்புற வழி கெடைக்கல."
வடிகால் இல்லாத லைன்.
எனக்குப் புரிந்தது.

விரல் நாவற்பழமாகிக்கொண்டிருந்தது.
ராத்திரி நர்ஸ் ரோஸ்னா ஒரு ஜாடியோடு வந்தாள்.
இடுக்கியில் நெளிந்தது;
விமானத்தில் வந்ததாம் அதுவும்.

பரிதி போனில் கேட்டான்: "அட்டை பத்திரமா?"
"குடிச்சிட்டு இருக்கு" என்றேன்.
அவன் கேட்டது வேலை பெர்மிட்டை.

நாலு மணிக்கொன்று.
நிறைந்ததும் தானே விழும்.
விழுந்ததை ஸ்பிரிட்டில் போடுவாள்.
ஒருமுறை குடித்ததை மறுமுறை வைப்பதில்லை,
விதி.

எத்தனை நாள் என்றேன்.
மருந்துச் சீட்டின் பின்புறம் டாக்டர் வரைந்தார்:
தையலுக்கு அந்தப்பக்கம் மூச்சுமுட்டும் சதை
ஏதோ சைகை அனுப்புமாம்.
இந்தப்பக்கக் குழாய்ச் சுவரிலிருந்து
ஒரே ஒரு செல் வெளியே எட்டிப் பார்க்கும்,
மயிரிழை விரல்களால் துழாவித் துழாவி
(விரலைக் காப்பாற்ற விரல்!)
பின்னால் மற்றவை ஒன்றையொன்று பிடித்தபடி.
எதிரே வருவதைத் தொட்டால் இணையும்,
நடுவே பொள்ளல் விழும்.
ரத்தம் ஓடினால் அது நிற்கும்.
ஓடாத கிளை சுருங்கிப் போகும்.

"பிளான் யாருகிட்ட இருக்கு?"
குமரகுரு கேட்டுச் சொன்னார்: யாரிடமும் இல்லை.

முத்திரை குத்திய பிளான் இல்லாமல்
ஒரு நடைபாதைக் கல்லைக்கூட
பெயர்க்க விடாத ஊர் இது.
பதினோரு வருஷம்
தாள் பார்த்துத்தான் தோண்டியிருக்கிறேன்.
என் தோலுக்கடியில்
அனுமதி கேட்காமல் ஒரு வேலை நடக்கிறது
ராத்திரி ஷிப்டில்.

தூங்கவில்லை.
சத்தம் கேட்குமோ என்று
கையைக் காதோரம் வைத்துக்கொண்டேன்.
மீன் வாடைதான் வந்தது.

ஆறாம் நாள் விடியல்.
ரோஸ்னா விரல் நுனியை அழுத்தினாள்: வெளுப்பு.
விட்டாள்.
ஒன்று, இரண்டு என்று மலாயில் எண்ணினாள்.
இளஞ்சிவப்பு வந்தது.
இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தாள்,
கறுக்கவில்லை.

இருபத்து மூன்றாவது
ஜாடிக்குள் பசியோடு நீந்திக்கொண்டிருந்தது.
"இத என்ன செய்வீங்க?"
மூடியை இறுக்கித் திருகினாள்.

கம்பெனி ஆள் பத்து மணிக்கு வருகிறார்,
என் அட்டையோடு.