தண்டயல் இல்லாக் கலங்கள்

பருத்தித்துறை ஆசுப்பத்திரி, இரவு ஒன்றேகால்.
தகட்டில் மெல்லிசாய் இழுத்த ஒரு துளி.
மரியநேசன், ஐம்பத்தொரு வயது, தொழில் கடல்.

கலம் என்று புத்தகம் சொன்னதை
வல்வெட்டித்துறைக்காரி நான்
கப்பல் என்றே எழுதிவைத்தேன்.
பெரிய பிழை, சிவப்பு மையில்.

இப்ப பாருங்கோ:
நடுக் குழிந்த செங்குருதிக் கலங்கள்,
என்பு மச்சைத் துறையிலேயே
தண்டயலை இறக்கிவிட்டுப் புறப்பட்டவை.
கரு இல்லை. இழைமணியும் இல்லை.
அவ்வளவும் சரக்குக்கு இடம்.
ஏற்றிய மூச்சில்
தமக்கென்று ஒரு பிடி எடுக்காமல்
நூற்றிருபது நாள் ஓட்டம்.

இடையில் ஒரு வெண்குருதிக் கலம்
கருவை மூன்று உருண்டையாய் இடுப்பில் முடிந்துகொண்டு
சுங்கக்காரன் மாதிரி நிற்கிறது.

இரண்டு தரம் எண்ணினேன்.
கலங்கள் காணாது.

வெளி வாங்கில்
நாலு படி ஏறிவந்த மரியநேசன்
இன்னும் மூச்சு வாங்குகிறார்.