வரவு

குவோபியோவில் நவம்பர் என்றால்
மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
எங்கள் வீட்டில்
(வீடு என்றுதான் சொல்கிறோம்,
பலகையில் நீளமாக வேறு பெயர் இருக்கிறது)
தூலிக்கி ரொட்டி வாட்டுவாள்.
எஸ்கோ வாசலில் பனி தள்ளுவான்.
எனக்குக் கணக்குப் புத்தகம்.

மாத்திரையில் விரல் நடுங்கும்.
ஏழு சில நாள் ஒன்றாகிவிடும்.
ரீட்டா ஒன்றும் சொல்வதில்லை,
பேனாவை எடுத்துக்கொண்டு
பென்சில் கொடுத்தாள்.

நகரசபைப் பணம் வருடத்துக்கு ஒருமுறை,
அடுத்த வருடம் சந்தேகம் என்ற கடிதத்தோடு.
கிறிஸ்துமஸுக்கு ஒரு கம்பெனி
சோபா அனுப்பியது, கூடவே புகைப்படக்காரரை.
படத்தில் நான் இல்லை.
தூலிக்கியின் முழங்கை இருக்கிறது.

பிறகு இந்த வரி:
ஐந்தாம் தேதி. ஔலிஸ் ரெய்னிக்கா.
ஆறு யூரோ அறுபது சென்ட்.
குறிப்பு: 42, போக வர.

யாரோ வேறெங்கோ அனுப்புவதை
நமக்கு அனுப்புகிறார் என்றேன்.
எட்டு வருடமாகவா, என்றாள் ரீட்டா.

அதில் என்ன வாங்கினோம் என்று
யாரும் கேட்டதில்லை.
காப்பி வடிதாள்.
ஒருமுறை, துணி துவைக்கும் இயந்திரத்தின்
ரப்பர் வளையத்தில் பாதி.

போன மார்ச்சில்
குளியலறைக் குழாய் என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது.
மறுபடி குன்றின் மேல் கொண்டுபோனார்கள்.
அதற்கப்புறம் எனக்குத் தெரியாது.
தெரிந்த கொஞ்சத்தையும் எழுதப் போவதில்லை.
மே மாதம் திரும்பி வந்தபோது
ஏரியில் பனிக்கட்டி போய்விட்டிருந்தது,
என் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது.
புத்தகத்தைப் புரட்டினேன்.
ரீட்டாவின் சாய்ந்த எழுத்தில்
ஏப்ரல் ஐந்து, ஆறு அறுபது.
மே ஐந்து, ஆறு அறுபது.
நான் இல்லாத பக்கங்களிலும்
அந்த மனிதர்
வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன்.
நாலு வரிக்கு இரண்டு நாள்.
பதில் ஒரு அஞ்சலட்டை, படகுப் படம்:

"தங்கை லெம்பி அங்கே மேலே இருந்தாள்.
மாதத்தின் முதல் ஞாயிறு 42-இல் போவேன்.
அவள் அதிகம் பேச மாட்டாள், நானும்தான்.
ஏலக்காய் பன் தின்போம், ஏரியைப் பார்ப்போம்.
இப்போது அவள் இருக்கும் இடத்துக்குப் பேருந்து கிடையாது.
டிக்கெட் காசுக்குப் பழக்கம் விடவில்லை.
இனி கடிதம் வேண்டாம்,
தபால்தலையிலேயே மூன்றில் ஒரு பங்கு டிக்கெட் போய்விடுகிறது."

அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்தேன்.
எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஜனவரியில் எஸ்கோ
பனி தள்ளுவதை நிறுத்தவில்லை.
இரவு இரண்டு மணிக்குத் தள்ளினான்.
பக்கத்துத் தெருவைத் தள்ளினான்.
காவல் நிலையத்து வாசலையும்
சுத்தமாகத் தள்ளி வைத்தான்.
பாதிச் சிரிப்போடு அவர்களே
வண்டியில் ஏற்றிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யார் போவது என்றாள் ரீட்டா.
தூலிக்கி ரொட்டியைப் பார்த்தாள்.
அந்தக் குன்றுக்கு
நான் ஒருநாளும் டிக்கெட் வாங்கிப் போனதில்லை.

42-இல் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
இறங்கும் நிறுத்தம் வந்தபோது
கால் எழவில்லை.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் காத்திருந்தார்.
கையில் இரண்டு பன், பை சூடாக இருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

எஸ்கோ ஒன்றும் பேசவில்லை.
பன்னில் சர்க்கரையை மட்டும் பொறுக்கித் தின்றான்.
ஏரி முழுக்க வெள்ளை,
நடுவில் யாரோ ஒருவர் துளை போட்டு
மீனுக்குக் காத்திருந்தார்.
பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒரு மணி நேரம் கழித்து
"வாசலில் பனி?" என்றான்.
"கிடக்கிறது," என்றேன்.
தலையாட்டினான்.

திங்கட்கிழமை செலவில் எழுதினேன்:
42, போக வர.
கணக்கு உதைத்தது.
வருடப் பிறப்பிலிருந்து டிக்கெட் ஆறு எண்பதாம்.
ஐந்தாம் தேதி வந்தது ஆறு அறுபது.

சட்டைப் பையில் இருபது சென்ட் இருந்தது.
மேசையில் வைத்தேன்.
வரவில் எழுத வேண்டுமே, என்றாள் ரீட்டா,
என்ன பெயர் போட?

பென்சிலை வைத்துவிட்டு
அவளிடம் பேனா கேட்டேன்.